பழைய நாஸ் பெட்டிக்குப் புது ரத்தம்

வீட்டுப் படங்களையும் கணக்குகளையும் சேர்த்து வைக்கும் நாஸ் பெட்டி மந்தமாகிவிட்டால் உடனே புதிது வாங்க ஓடாதீர்கள். முதலில் ரேம். 2020இல் வந்த சினாலஜி டிஎஸ்220+ மாடலில் 2 ஜிபி போர்டிலேயே பதிந்திருக்கும். ஹார்ட் டிஸ்க் தட்டுகளை உருவிவிட்டு எட்டிப் பார்த்தால் காலி ஸ்லாட் ஒன்று தெரியும். லேப்டாப்புக்குப் போடும் டிடிஆர்4 ரேம்தான். 4 ஜிபி செருகினால் மொத்தம் 6 ஜிபி. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, சாய்வாகச் செருகி, ‘டக்’கென்று பூட்டும்வரை அழுத்துங்கள். விலை மலிவான ‘ஜே’ வகை மாடல்களில் இந்த ஸ்லாட்டே கிடையாது, வாங்கும்முன் பாருங்கள்.

இடம் போதவில்லையா? ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் வைக்கும் ரெய்டு 1 என்றால் இரண்டையும் ஒன்றாகக் கழற்றிவிடக் கூடாது. ஒன்றை மாற்றி, ரிப்பேர் (புது டிஸ்க்குக்குத் தரவு நகலாவது) முழுதாக முடிந்த பிறகே அடுத்தது. அளவைப் பொறுத்து ஒரு நாள்கூட ஆகலாம். இரண்டும் மாறினால்தான் கூடுதல் இடம் கிடைக்கும். ரிப்பேர் ஓடும் நேரத்தில்தான் பழைய டிஸ்க் மண்டையைப் போடும் என்பதால், யுஎஸ்பி டிஸ்க்கில் ஒரு பேக்கப் எடுத்துவிட்டே கை வையுங்கள். வாங்கும் டிஸ்க், தரவுத் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும் எஸ்எம்ஆர் இல்லாமல், அப்படிப் படியாத சிஎம்ஆர் வகையாக இருக்கட்டும்; எஸ்எம்ஆரில் ரிப்பேர் இழுத்துக்கொண்டே போகும்.

வேகத்துக்காக எஸ்எஸ்டி போடுவது என் கணக்கில் வீண்செலவு. ஒரு கிகாபிட் கேபிளில் நொடிக்குச் சுமார் 110 எம்பிக்கு மேல் வராது. சாதாரண டிஸ்க்கே அதை எட்டிவிடும்.