கதை காட்டுபவரே கடையும் வைத்தால்?
இணையத் தொடர்களும் நம் கல்லாவும்: ஓர் ஒப்பீட்டுப் பாடம்



தஞ்சை கீழவாசல் பகுதியில் மளிகைக் கடை நடத்தும் நம் உறுப்பினர் ஒருவர் அண்மையில் சொன்ன செய்தியுடன் இந்தப் பாடத்தைத் தொடங்குகிறோம். அவர் கடையில் இருபது ஆண்டுகளாக மாதச் சாமான் வாங்கும் குடும்பம் ஒன்று. அந்த வீட்டுப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஒரு நாள் மாலை கடைக்கு வந்து, "அண்ணே, கொரியன் நூடுல்ஸ் இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். "இல்லம்மா, எப்பவும் வாங்குறது இருக்கு, தரட்டுமா?" என்று இவர் கேட்க, "பரவாயில்லண்ணே, ஆன்லைன்ல போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எங்கே பார்த்தாய் என்று கேட்டதற்கு, "ஒரு சீரிஸ்ல" என்பதே பதில்.

"டி.வி.யில் அப்படி ஒரு விளம்பரமே வரவில்லையே, அதைக் கேட்டு ஆள் வருகிறதே" என்பது அவருடைய வியப்பு. நமக்கு வியப்பைவிடக் கவலைதான் அதிகம். போனது ஒரு நூடுல்ஸ் பாக்கெட் மட்டும் என்றால் பெரிதில்லை. நாளைக்கு அந்தப் பெண் தனிக்குடித்தனம் வைக்கும்போது மாதச் சாமான் சிட்டையை யாரிடம் நீட்டுவாள் என்பதே கேள்வி. ஆகவே, தொலைக்காட்சி எப்படி மக்களைச் சென்றடைந்தது, இணையத் தொடர் எப்படிச் சென்றடைகிறது, இரண்டுக்கும் நம் கடைக்கும் என்ன தொடர்பு என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

தொலைக்காட்சி நமக்குச் செய்த உதவி

கதை சொல்லிச் சரக்கு விற்பது புதிய வித்தை அல்ல. 1930களில் அமெரிக்க வானொலியில் வந்த தொடர் நாடகங்களுக்குச் சோப்புக் கம்பெனிகளே பணம் கொடுத்தன. அதனால்தான் அந்த நாடகங்களுக்குச் 'சோப் ஓபரா' என்றே பெயர் வந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வீட்டுக்குச் சாமான் வாங்கும் பெண்கள். கம்பெனிகளின் கணக்கு தப்பவில்லை.

நம் பக்கத்தில் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் வந்தது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி. தொடங்கியது. 1999இல் 'சித்தி', 2002இல் 'மெட்டி ஒலி' என்று தொடர்கள் வந்தபோது, அந்த நேரத்தில் கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்ததை நம்மில் பலர் கல்லாவில் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறோம். 2006இல் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் வந்த பிறகு, டெல்டாவின் கூரை வீடுகளுக்குள்ளும் பெட்டி நுழைந்தது.

தொடருக்கு நடுவே விளம்பரம் வரும். மறுநாள் காலை அதே பெயரைச் சொல்லி வாடிக்கையாளர் வருவார். ஷாம்பு சரமாகத் தொங்கியதும், மசாலாப் பொடி பாக்கெட்டாக அடுக்கப்பட்டதும் இப்படித்தான். கம்பெனி லட்சக்கணக்கில் செலவழித்து ஆசையை உண்டாக்கியது. ஆனால் அந்த ஆசை தீர வேண்டிய இடம் நம் கடையாக இருந்தது. தொலைக்காட்சி நம் சரக்கை நமக்காகக் கூவி விற்றது என்றே சொல்லலாம். அதற்கு நாம் ஒரு காசும் கொடுக்கவில்லை.

இணையத் தொடர் போய்ச் சேரும் வழி

இதற்கு மிக நல்ல உதாரணம் ஒரே பெயரில் இரண்டு முறை வந்த ஒரு தொடர். பள்ளி மாணவர்களின் கதையான 'கனா காணும் காலங்கள்' 2006இல் விஜய் டி.வி.யில் ஒளிபரப்பானது. அன்று பிள்ளைகள் குறிப்பிட்ட நேரத்துக்கு வீட்டுக்கு ஓடிவந்து, பெட்டியின் முன் உட்கார்ந்து பார்த்தார்கள். ரிமோட் பெரியவர்கள் கையில் இருந்தால் கெஞ்ச வேண்டும். அதே பெயரில் புதிய தொடர் 2022 ஏப்ரலில் வந்தபோது, அது வந்த இடம் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் என்னும் இணையத் தளம். நேரக் கட்டுப்பாடு இல்லை, ரிமோட்டுக்குச் சண்டை இல்லை. பேருந்தில், விடுதியில், மொட்டை மாடியில் அவரவர் கைபேசியில் பார்த்தார்கள். பதினாறு ஆண்டுகளில் இளையவர்கள் இடம் மாறிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டுதான் கதையும் இடம் மாறியது.

இடையில் நடந்தது என்ன? 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியது. அதற்கு முன் ஒரு ஜி.பி. இணையத்துக்குச் சுமார் 250 ரூபாய் ஆனது. அதன் பிறகு நாளொன்றுக்கு ஒரு ஜி.பி., ஒன்றரை ஜி.பி. என்று கிடைக்கத் தொடங்கியது. படம் பார்க்கும் செலவு அரிசி விலையிலிருந்து உப்பு விலைக்கு இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் தமிழில் தொடர்கள் வரிசை கட்டின. 2022 ஜூன் மாதம் அமேசான் பிரைம் வீடியோவில் 'சுழல்' எட்டுப் பகுதிகளும் ஒரே நாளில், முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தன. 2023 ஜனவரியில் ஜீ5 தளத்தில் வந்த 'அயலி', நமக்குப் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டைச் சீமையின் ஒரு கிராமத்தில், 1990களில் படிக்க ஆசைப்படும் ஒரு சிறுமியின் கதை. 2024 மார்ச்சில் தொடங்கிய 'ஹார்ட் பீட்' என்னும் மருத்துவமனைக் கதை, வாரத்துக்குச் சில பகுதிகளாக 100 பகுதிகள் வரை போயிற்று. அதாவது, தினசரித் தொடரின் நீளத்தையும் இணையம் எடுத்துக்கொண்டுவிட்டது.

பெரிய முதலாளிகளால் மட்டுமே இது முடியும் என்றும் நினைக்க வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்துக் காட்டிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2018இல் தொடங்கியது. 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தாண்டியது. தமிழ் யூடியூப் சேனல்களில் இந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அதுவே. எந்தத் தொலைக்காட்சி நிலையத்திலும் நேரம் கேட்டு நிற்காமல் நடந்தது இது.

ஒப்பிட்டுப் பார்ப்போம்

1. நேரம்: தொலைக்காட்சி சொன்ன நேரத்துக்கு நாம் போக வேண்டும். இணையத் தொடர் நாம் கூப்பிட்ட நேரத்துக்கு வருகிறது.

2. பார்ப்பவர்: பெட்டி குடும்பத்துக்கு ஒன்று. கைபேசி ஆளுக்கு ஒன்று. அதனால் தாய்க்கு ஒரு விளம்பரம், மகளுக்கு வேறு விளம்பரம்.

3. கணக்கு: தொலைக்காட்சியில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதைத் தேர்ந்தெடுத்த வீடுகளில் மட்டும் கருவி வைத்து அளந்து, மொத்த நாட்டுக்கும் கணிக்கிறார்கள். 2015 முதல் 'பார்க்' நிறுவனம் இந்த வேலையைச் செய்துவருகிறது. இணையத்திலோ ஒவ்வொரு கைபேசியும் தன் கணக்கைத் தானே எழுதி அனுப்புகிறது. எந்த ஊர், எங்கே நிறுத்தினார், எதைத் தள்ளிவிட்டார் என்பதெல்லாம் அந்தப் பேரேட்டில் ஏறிவிடும்.

4. விளம்பரம்: தொலைக்காட்சியில் மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது சட்ட விதி. விளம்பரம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம். இணையத் தொடரில் சரக்கு பல நேரம் கதைக்குள்ளேயே வந்துவிடுகிறது. 2016இல் வந்த 'டிரிப்ளிங்' என்னும் இந்தித் தொடரில் உடன்பிறந்தார் மூவர் ஊர் ஊராகப் போவது டாடா டியாகோ காரில். காரைப் பார்க்காமல் கதையைப் பார்க்க முடியாது.

விளம்பரமே இல்லாமலும் சரக்கு ஓடும். 2021 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த கொரியத் தொடர் 'ஸ்குவிட் கேம்' கதையில் 'டல்கோனா' என்னும் மிட்டாய் வருகிறது. சர்க்கரையும் சோடா உப்பும் மட்டுமே சேர்ந்த பண்டம். உலகெங்கும் பிள்ளைகள் அதை வீட்டில் செய்து பார்த்தார்கள். சர்க்கரையும் சோடா உப்பும் இல்லாத மளிகைக் கடை நம்மிடம் ஒன்றாவது உண்டா? ஆனால் அந்த இரண்டையும் சேர்த்து முன்னால் எடுத்து வைக்க எத்தனை பேருக்குத் தோன்றியது?

ஆசையும் கடையும் ஒரே கையில்

இனிமேல்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது.

தொலைக்காட்சிக்காரர் கதை காட்டினார், விளம்பரம் போட்டார், அதோடு சரி. அவரிடம் கடை இல்லை. இன்றோ கதை காட்டுபவரே கடையும் வைத்திருக்கிறார். அமேசான் நிறுவனம் 2016 ஜூலையில் இந்தியாவில் பிரைம் சந்தாவைத் தொடங்கியது. சரக்கை விரைவாக, அனுப்புகூலி இல்லாமல் வீட்டில் கொடுப்பதற்கான சந்தா அது. அதே ஆண்டு டிசம்பரில் பிரைம் வீடியோ வந்தது. 'சுழல்' பார்க்கச் சந்தா கட்டிய வீடுகள் பலவற்றில் இலவச டெலிவரி வசதியும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. 2021இல் அதே நிறுவனம் தன் விற்பனைச் செயலிக்குள்ளேயே 'மினி டி.வி.' என்று இலவசத் தொடர்களைக் காட்டத் தொடங்கியது. 2024இல் அதை எம்எக்ஸ் பிளேயருடன் சேர்த்துவிட்டது. 2019இல் ரம்யா கிருஷ்ணன் நடித்த 'குயின்' தொடர் வந்த தளம்தான் இந்த எம்எக்ஸ் பிளேயர்.

சுருக்கமாகச் சொன்னால், அன்று விளம்பரத்துக்கும் விற்பனைக்கும் நடுவே ஓர் இரவும் ஒரு தெருவும் இருந்தன. அந்தத் தெருவில்தான் நம் கடை இருந்தது. இன்று நடுவில் இருப்பது ஒரு விரல் தொடுகை.

இதைக் கேட்டு, தொலைக்காட்சி செத்துவிட்டது என்றும் யாரும் முடிவு கட்ட வேண்டாம். ஊடகத் தொழில் பற்றிய பிக்கி–இ.ஒய். அறிக்கை, 2024இல் வருமானத்தில் டிஜிட்டல் ஊடகம் முதன்முறையாகத் தொலைக்காட்சியை முந்தி, மொத்தத் தொழிலில் 32 சதவீதத்தைப் பிடித்ததாகக் கூறுகிறது. முந்தியது என்றுதான் பொருள், துடைத்துவிட்டது என்று அல்ல. இன்றும் மாலையில் தொடர் பார்க்கும் தாய்மார்கள்தான் நம்மிடம் மாதச் சிட்டை கொடுக்கிறார்கள். அவர்கள் கேட்கும் எண்ணெயையும் தூளையும் நாம் விட்டுவிடக் கூடாது. அவர்களுடைய பிள்ளைகளையும் விட்டுவிடக் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று: கேட்டு எழுதுங்கள். "இல்லை" என்று சொல்லி அனுப்பும் சரக்குகளுக்குக் கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். யார் கேட்டார், எதில் பார்த்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பொருளை மூன்று பேர் கேட்டால் ஸ்டாக்கிஸ்டிடம் பேசுங்கள். பெரிய நிறுவனங்கள் கணினியில் எழுதும் பேரேட்டுக்கு நம் பதில் இந்த நோட்டு.

இரண்டு: சிறிதாக வாங்குங்கள். தொடரால் வரும் ஆசை தொடரோடு போய்விடவும் கூடும். பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டுக் காலாவதிச் சரக்கோடு உட்காரக் கூடாது. திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று முதலிலேயே கேளுங்கள். வெளிநாட்டு நூடுல்ஸ் என்றால் இறக்குமதியாளர் பெயர், உணவுப் பாதுகாப்பு உரிம எண், காலாவதித் தேதி, சைவ அசைவக் குறி நான்கையும் பாருங்கள். அசைவக் குறி உள்ளதைச் சைவ வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டால், இருபது ஆண்டு நம்பிக்கை ஒரே நாளில் போகும்.

மூன்று: நாமும் கைபேசிக்குள் போவோம். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. சரக்கின் படமும் விலையும் அதில் வைக்கலாம். "அக்கா கேட்ட சாமான் வந்துவிட்டது" என்று ஒரு செய்தி போதும். கூகுள் வரைபடத்தில் கடையின் பெயர், நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைச் சரியாகப் பதிவு செய்யுங்கள். அதற்கும் கட்டணம் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகளை உதவிக்குக் கூப்பிடுங்கள். அவர்களுக்கும் கடைமேல் ஒரு பிடிப்பு வரும்.

நான்கு: திரையால் முடியாததைச் செய்வோம். கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, சீரகச் சம்பா என்று வீடியோ பார்த்துவிட்டு இளையவர்கள் கேட்டு வருகிறார்கள். மறைந்த நெல் ஜெயராமன் போன்றோர் திருவாரூர்ப் பக்கம் பாடுபட்டுக் காத்த நெல் வகைகள் அவை. எங்கோ ஒரு கிடங்கிலிருந்து அதை அனுப்புபவருக்கு, புது அரிசியா பழைய அரிசியா, எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும் என்று சொல்லத் தெரியுமா? நமக்கு விளைவித்தவரையே தெரியும். ஒரு பிடி அள்ளிக் கையில் கொடுத்து, முகர்ந்து பார்க்கச் சொல்லி விற்பது நம் தொழில்.

கீழவாசல் நண்பர் இப்போது அந்த நூடுல்ஸில் ஆறே பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறார். அந்தப் பெண் அடுத்த முறை வந்தபோது எடுத்துக் காட்டினாராம். இரண்டு வாங்கிக்கொண்டு, "எங்கண்ணே பிடிச்சீங்க?" என்று சிரித்தாளாம். லாபம் சில ரூபாய்தான். ஆனால் கேட்டால் அண்ணன் வாங்கி வைப்பார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கதை எந்தப் பெட்டியில் வந்தாலும் பசி வீட்டில்தான் எடுக்கிறது. அந்த வீட்டுக்கு அருகில் இருப்பவர்கள் நாம். அருகில் இருந்தால் மட்டும் போதாது, கேட்கும் காதும் வேண்டும். இன்றே ஒரு நோட்டு வாங்கிக் கல்லாவில் வைப்போம்.