உங்கள் விண்ணப்பம் இப்போது யார் மேஜையில்? நீங்களே ஒரு படம் போட்டுப் பாருங்கள்!

கல்லூரியில் சேர வருமானச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து ஒரு வாரம் ஆயிற்று. "இன்னும் வரலையே, யாரைப் போய்க் கேட்கிறது?" என்று வீட்டில் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். இந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். விண்ணப்பம் போகும் வழி நமக்குத் தெரியாததுதான் பாதிச் சிக்கல். அதைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய வழி உண்டு.

சீக்வென்ஸ் டயகிராம் என்றால்?

யார் யாருக்கு, எந்த வரிசையில், என்ன அனுப்புகிறார்கள் என்று காட்டும் படம்தான் இது. பங்கேற்பவர்களின் பெயர்கள் மேலே வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பெயரிலிருந்தும் ஒரு கோடு கீழே இறங்கும். கோடுகளுக்கு இடையே அம்புக்குறிகள் ஓடும். மேலே இருப்பது முதலில் நடப்பது, கீழே இருப்பது பிறகு நடப்பது. மென்பொருள் எழுதுபவர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் முறை இது. 1997-ல் தரப்படுத்தப்பட்ட யூ.எம்.எல். வரைபட முறையில் இதுவும் ஒரு பகுதி.

இதைக் கையால் வரைய வேண்டியதில்லை. வரிகளாக எழுதிக் கொடுத்தால் தானாகவே படமாக்கித் தரும் கருவிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மெர்மெய்ட். 2014-ல் தொடங்கப்பட்ட, இலவசமான, திறந்த மூலக் கருவி. 'மெர்மெய்ட் லைவ் எடிட்டர்' என்று தேடினால் போன் பிரவுசரிலேயே திறக்கும். கணக்குத் தொடங்கத் தேவையில்லை.

செய்து பார்ப்போம்

1. எடிட்டரில் ஏற்கெனவே இருக்கும் மாதிரி வரிகளை அழித்துவிடுங்கள்.

2. முதல் வரியில் 'சீக்வென்ஸ் டயகிராம்' என்று ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுங்கள். 'டயகிராம்' தொடங்கும் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. போன் கீபோர்டு முதல் எழுத்தையும் தானாகப் பெரிதாக்கிவிடும். அதைச் சிறிய எழுத்தாக மாற்றாவிட்டால் படம் வராது.

3. அடுத்து, ஒரு வரிக்கு ஒரு செயல் என்று தமிழிலேயே எழுதலாம்:

மாணவி->>சேவைமையம்: விண்ணப்பம், ஆவணங்கள்
சேவைமையம்-->>மாணவி: ஒப்புகைச் சீட்டு
சேவைமையம்->>விஏஓ: ஆன்லைனில் விண்ணப்பம்
விஏஓ->>ஆர்ஐ: விசாரித்துப் பரிந்துரை
ஆர்ஐ->>தாசில்தார்: பரிந்துரை
தாசில்தார்-->>மாணவி: சான்றிதழ் தயார் என எஸ்.எம்.எஸ்.

ஒரு சிறு கோடு போட்டால் நேர்க்கோட்டு அம்பு. இரண்டு போட்டால் புள்ளிக்கோட்டு அம்பு. பதிலாகத் திரும்பி வருவதற்குப் புள்ளிக்கோட்டைப் பயன்படுத்துவது வழக்கம். பெயருக்குள் சிறு கோடு போடாமல் இருப்பது நல்லது. ஐபோனில் இரண்டு சிறு கோடுகளை ஒரே நீளக்கோடாக மாற்றும் வசதி இருக்கிறது. படம் வரவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

படம் என்ன சொல்கிறது?

முதல் விஷயம். ஒப்புகைச் சீட்டு கொடுத்ததோடு மையத்தின் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று கைகள் மாறுகின்றன. ஒப்புகை எண்ணை இ-சேவை இணையதளத்தில் போட்டு நிலையைப் பாருங்கள். எந்த அம்பு வரை வந்திருக்கிறது என்று தெரிந்தால், எந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, பலர் கவனிக்காதது. கடைசி அம்பு உங்கள் போனுக்கு வருகிறது. விண்ணப்பத்துக்கு அடிப்படையான கேன் எண்ணில் யாருடைய மொபைல் எண் பதிவாகியிருக்கிறது? பழைய எண்ணோ, உதவிக்கு வந்த வேறொருவர் எண்ணோ இருந்தால் சான்றிதழ் தயாரான செய்தி அங்கேதான் போகும். நாம் இங்கே காத்துக்கொண்டே இருப்போம்!

மூன்றாவது, நாம் வரைய மறந்த அம்பு. ஆவணம் போதவில்லை என்று விண்ணப்பம் திரும்பினால்? 'விஏஓ-->>மாணவி: கூடுதல் ஆவணம் தேவை' என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். தாமதம் எங்கே வரும் என்று முன்கூட்டியே புரியும். குடும்ப அட்டை, வருமான விவரம் போன்றவற்றை முதலிலேயே சரிபார்த்துக் கொடுக்கத் தோன்றும்.

கவனம்!

ஆதார் எண், ஓ.டி.பி., மொபைல் எண், உண்மைப் பெயர் எதையும் இந்த வரிகளில் எழுதாதீர்கள். இந்த எடிட்டரில் நீங்கள் எழுதியது முழுவதும் அந்தப் பக்கத்தின் இணைப்பு முகவரிக்குள்ளேயே அடங்கியிருக்கும். இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுதியதும் சேர்ந்தே போகும்.

இன்னொன்று. கருவிக்கு அரசு நடைமுறை தெரியாது. நீங்கள் தப்பாக எழுதினால் அதையும் அழகாக வரைந்து கொடுத்துவிடும். அதனால் மையத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதுங்கள்.

வீட்டில் கல்லூரி செல்லும் பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து இன்றே போட்டுப் பாருங்கள். அடுத்த முறை அலுவலகத்துக்குப் போகும்போது "என் விண்ணப்பம் என்ன ஆச்சு?" என்று பொதுவாகக் கேட்க வேண்டியதில்லை. "ஆர்.ஐ. பரிந்துரை வந்துவிட்டதா?" என்று கேட்கலாம். குறிப்பான கேள்விக்குக் குறிப்பான பதில் கிடைக்கும்.