தவ்பாவும் வாய்மையும்: கஅப் இப்னு மாலிக் (ரலி) வரலாறு தரும் பாடம்

முன்னுரை

தவறுக்கு ஆட்படுவது மனித இயல்பு. தவறிய பின்னர் உள்ளத்தில் எழும் உறுத்தலை ஒருவன் எவ்வாறு ஏற்றுக் கொள்கிறான் என்பதே அவனது பிற்கால வாழ்வை முடிவு செய்கிறது. சிலர் அவ்வுறுத்தலைச் சாக்குப்போக்குகளால் அடக்கி விடுகின்றனர். வேறு சிலர், தமக்கு இனி மீட்சியே இல்லை என மனமுடைந்து, தொழுகையையும் நல்லோர் கூட்டத்தையும் விட்டு விலகுகின்றனர். இவ்விரண்டும் இஸ்லாம் காட்டும் வழிகள் அல்ல. நேரிய வழி யாது என்பதை, நபித்தோழரும் கவிஞருமாகிய கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் வரலாற்றைக் கொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தவ்பா: சொல்லும் பொருளும்

'தவ்பா' என்னும் அரபுச் சொல் 'திரும்புதல்' எனப் பொருள்படும். மன்னிப்பைக் குறிக்கும் 'மஃபிரத்' என்னும் சொல்லோ, மூடிக் காத்தல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்தது. போர்வீரன் தலையைக் காக்கும் கவசத்திற்கு 'மிஃபர்' என்னும் பெயரும் அவ்வேரினின்றே வந்தது. எனவே, அடியான் திரும்பி வருகிறான். இறைவன் அவன் குற்றத்தை மூடி, அதன் தீங்கினின்று அவனைக் காக்கிறான் என்பது இச்சொற்களால் பெறப்படுகிறது.

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' என்னும் நூலில் தவ்பாவின் நிபந்தனைகளை வகுத்துரைக்கின்றார்கள். பாவத்தை விட்டு விலகுதல், செய்ததற்கு வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல் ஆகியன மூன்று. பிறருடைய உரிமை பறிக்கப்பட்டிருப்பின் அதனை உரியவரிடம் ஒப்படைத்தல் நான்காவது. வருந்துதல் இவற்றுள் ஒன்றே என்பது நோக்கத்தக்கது. அது தவ்பாவின் வாயில். வாயிலிலேயே நின்று விடுபவன் இல்லம் சேர்வதில்லை.

தபூக்கும் தயக்கமும்

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு (கி.பி. 630), நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தபூக்கை நோக்கிப் படையுடன் புறப்பட்டார்கள். கடுங்கோடைக் காலம்; நெடுந்தொலைவுப் பயணம். மதீனாவிலோ பழங்கள் கனிந்து, நிழல் இனித்திருந்த பருவம். கஅப் (ரலி) அவர்களிடம் அப்போது செல்வமும் உடல் வலிமையும் இருந்தன. ஊர்தி ஒட்டகங்கள் இரண்டு இருந்தன. இல்லாதிருந்தது புறப்படும் முனைப்பு ஒன்றே. 'நாளை ஆயத்தமாவோம்' என ஒவ்வொரு நாளும் தள்ளிப் போட்டார்கள். படை வெகுதொலைவு சென்றுவிட்டது. மறுப்பினாலோ பகையினாலோ அன்று, தயக்கத்தினாலேயே இப்பிழை நேர்ந்தது. நம்முள் பலர் செய்யும் பிழைகளும் இத்தகையனவே அல்லவா?

நாவன்மைக்கு ஒரு சோதனை

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பியதும், பின்தங்கியோர் எண்பதுக்கு மேற்பட்டோர் வந்து சத்தியமிட்டுச் சாக்குகள் கூறினர். நபியவர்கள் அவர்களுடைய வெளிப்படையான சொல்லை ஏற்று, அந்தரங்கத்தை அல்லாஹ்விடம் விட்டுவிட்டார்கள். கஅப் (ரலி) அவர்களின் முறை வந்தது. அவர்கள் நபியவர்களின் அவைக்கண் விளங்கிய கவிஞர்களுள் ஒருவர். சொல்லால் எவரையும் இணங்க வைக்க வல்லவர். அத்திறமை தமக்கு உண்டு என்பதை நபியவர்களின் திருமுன்னரே அவர்கள் கூறினார்கள். எனினும், இன்று பொய்யுரைத்து நபியவர்களை மகிழ்வித்தால் நாளை இறைவன் உண்மையை வெளிப்படுத்தி விடுவான் என்பதையும் எடுத்துரைத்து, தமக்கு எந்தக் காரணமும் இருந்ததில்லை என ஒப்புக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் குலத்தார் சூழ்ந்து கொண்டு, ஒரு சாக்கைச் சொல்லியிருக்கலாகாதா எனக் கடிந்தனர். திரும்பிச் சென்று தம் சொல்லை மாற்றிவிடலாமா என்றுகூட அவர்கள் மனம் அலைபாய்ந்தது. முராரா இப்னு ரபீஉ (ரலி), ஹிலால் இப்னு உமைய்யா (ரலி) ஆகிய இரு நல்லோரும் உண்மையையே உரைத்திருந்தனர் என்று கேட்டபின்னரே அவர்கள் நெஞ்சம் நிலைகொண்டது. வாய்மைக்கும் துணை வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

ஐம்பது நாள்கள்

அம்மூவருடனும் எவரும் பேசலாகாது எனக் கட்டளை பிறந்தது. ஏனைய இருவரும் இல்லத்திலேயே இருந்து அழுதனர். கஅப் (ரலி) அவர்களோ கூட்டுத் தொழுகைக்குச் சென்றார்கள், கடைவீதியில் நடந்தார்கள். நபியவர்களுக்கு ஸலாம் உரைத்து, பதிலாக இதழ் அசைந்ததா என ஏங்கி நோக்கினார்கள். நெருங்கிய உறவினர் அபூகத்தாதா (ரலி) அவர்களும் ஸலாத்திற்கு மறுமொழி தரவில்லை. நாற்பது நாள் கடந்தபின் மனைவியரை விட்டும் விலகியிருக்குமாறு ஆணை வந்தது.

இந்நிலையில் கஸ்ஸானிய மன்னனிடமிருந்து ஒரு மடல் வந்தது. உம் தலைவர் உம்மைப் புறக்கணித்துவிட்டார். எம்மிடம் வந்தால் ஆதரிப்போம் என்பது அதன் கருத்து. குற்றவுணர்வால் வாடும் ஒருவனுக்கு இதனினும் பெரிய சோதனை வேறில்லை. கஅப் (ரலி) அவர்கள் அம்மடலை அடுப்பிலிட்டு எரித்தார்கள். தண்டனை வந்த வாயிலிலிருந்தே மன்னிப்பும் வரவேண்டும் என்று காத்திருந்தார்கள்.

விடியலில் வந்த நற்செய்தி

ஐம்பதாம் நாள் வைகறைத் தொழுகைக்குப்பின், ஸல்உ மலைமீதிருந்து ஒருவர் உரத்த குரலில் நற்செய்தி கூறினார். கஅப் (ரலி) அவர்கள் அங்கேயே சிரம்பணிந்து வீழ்ந்தார்கள். செய்தி கொணர்ந்தவருக்குத் தம் ஆடைகளையே ஈந்துவிட்டு, இரவல் ஆடை அணிந்து பள்ளிவாசலுக்கு விரைந்தார்கள். தல்ஹா (ரலி) அவர்கள் எழுந்தோடி வந்து கைபற்றி வாழ்த்தினார்கள். நபியவர்களின் திருமுகம் மகிழ்ச்சியால் ஒளிர்ந்தது. ஐம்பது நாள் விலகியிருந்த சமுதாயமே அவரைத் தழுவிக் கொண்டது. பழைய பிழையை எவரும் சொல்லிக் காட்டவில்லை.

அம்மூவருக்குப் பரந்த பூமியும் சுருங்கிவிட்டதையும், இறைவனிடமிருந்து தப்ப அவனிடமே அன்றிப் புகலிடம் இல்லை என அவர்கள் உணர்ந்ததையும் திருமறையின் 9ஆவது அத்தியாயம் 118ஆவது வசனம் குறிப்பிடுகிறது. அவர்கள் மீள்வதற்காக இறைவனே முதலில் அவர்கள்பால் அருளுடன் திரும்பினான் என்பதும் அவ்வசனத்தால் அறியப்படும். அடியான் திரும்புவதற்கும் இறைவன் திரும்புவதற்கும் ஒரே வினைச்சொல் ஆளப்பட்டிருப்பது மொழி பயில்வோர் உணர்ந்து இன்புறத்தக்கது. அவ்வத்தியாயத்தின் பெயரும் 'அத்தவ்பா' என்பதேயாம்.

முடிவுரை

மன்னிக்கப்பட்ட நன்றிக்காகத் தம் செல்வம் முழுவதையும் அறம் செய்ய முன்வந்தார்கள் கஅப் (ரலி) அவர்கள். அதில் ஒரு பகுதியைத் தமக்கென வைத்துக்கொள்ளுமாறு நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். தவ்பா என்பது தன்னை அழித்துக் கொள்வதன்று, தன்னைச் சீர்ப்படுத்திக் கொள்வதே என்பதற்கு இதுவும் சான்றாகும். வாழ்நாளெல்லாம் உண்மையே பேசுவதென உறுதி பூண்டு, அவ்வாறே வாழ்ந்தார்கள்.

மாணவ நண்பர்களே! பிழை நேர்ந்தால் நாவன்மையால் அதனை மறைக்க முயலாதீர்கள். நாணத்தால் பள்ளிவாசலை விட்டும் ஒதுங்காதீர்கள். பெரியோர்களே! கண்டிக்க வேண்டிய நாளில் கண்டியுங்கள். திருந்தி வரும் இளைஞனைக் கண்டால் தல்ஹா (ரலி) அவர்களைப் போல எழுந்து சென்று கைபற்றுங்கள். இறைவன் மூடிவிட்ட குற்றத்தை மனிதர் திறந்து காட்டுதல் தகாது. மீள்வோர்க்கு வழிவிடும் சமுதாயமாக நம்மை அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.