பிள்ளையின் முகத்தில் ஆறாத தடிப்பா? ட்யூபு வாங்கும் முன் யோசிப்போம்!



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று எத்தனையோ விஷயங்களைக் குழுவில் பேசுகிறோம். இந்த மாதப் பாடம் நம்ம வீட்டுக் குட்டிப் பிள்ளைகளின் முகத்தைப் பற்றியது. தவழ்ந்து, நடந்து, ஓடத் தொடங்கும் வயசில் கன்னத்திலும் வாயைச் சுற்றியும் சிவந்து தடித்து, சொறிந்து சொறிந்து நீர் வடிந்து, மாசக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் பிள்ளைகளை நம் கிராமங்களில் நிறையவே பார்க்கிறோம். பிள்ளை ராத்திரி தூங்காது. அம்மாவுக்கும் தூக்கம் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள்.

இதற்கு நாம் என்ன செய்கிறோம், என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

1. அடிக்கடி நடக்கும் கதை

"மைனி, பிள்ளைக்க மொகத்தைப் பாருங்க. ஒரு மாசமா இப்பிடித்தான் கெடக்கு."

"அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போணும்? எனக்க பிள்ளைக்கும் இருந்துது. மெடிக்கல்ல சொன்னா ஒரு ட்யூபு தருவான். ரெண்டு நாள்ல போயிரும்."

மைனி சொன்னது பொய் இல்லை. ரெண்டு நாளில் சிவப்பு போய்விடும், பிள்ளையும் தூங்கும். ஆனால் ட்யூபை நிறுத்தினால் ஒரு வாரத்தில் முன்னைவிட அதிகமாகத் திரும்ப வரும். மறுபடி தேய்ப்போம், மறுபடி போகும், மறுபடி வரும். இப்படியே ஆறு மாசம் ஓடிவிடும். அதற்குள் கன்னத்துத் தோல் மெலிந்து, சிவப்பு நரம்புகள் வெளியே தெரியும். சில பிள்ளைகளுக்கு வாய், மூக்கு, கண்ணைச் சுற்றிக் குட்டிக் குட்டிப் பருக்களாக வரும். தொடக்கத்தில் இருந்தது ஒரு நோய் என்றால், இப்போது ட்யூபு தந்த நோயும் சேர்ந்துவிட்டது!

2. அந்த ட்யூபுக்குள் என்ன இருக்கிறது?

இப்படி மாயம் போல வேலை செய்யும் களிம்புகளில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டு. அது சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும். காரணத்தைக் குணமாக்காது. அரிப்புக்குக் காரணம் படர்தாமரை என்றால், ஸ்டீராய்டு அதற்குத் தீனி போட்ட மாதிரி ஆகிவிடும். மேலே சிவப்பு குறையும், உள்ளே பூஞ்சை பரவும். வட்டம் கலைந்துபோய் டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போவதும் உண்டு.

முகத்தில் ஏன் கூடுதல் கவனம் வேண்டும்? கை, கால் தோல் போல முகத்தோல் தடிமன் கிடையாது. ஒரே மருந்தை முன்கையில் தடவினால் உள்ளே போகும் அளவைவிட, நெற்றியில் தடவினால் 6 மடங்கும், தாடையில் தடவினால் 13 மடங்கும் உள்ளே போகிறது என்று 1967-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கண்டது. அதுவும் பெரியவர்களிடம் பார்த்த கணக்கு. குட்டிப் பிள்ளைக்கு எடை குறைவு, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். அதனால் தடவும் மருந்து உடம்புக்குள் போய்ச் சேரும் ஆபத்தும் அதிகம். வீரியமான ஸ்டீராய்டை நாள்கணக்கு இல்லாமல் தடவினால் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். கண் பக்கம் தொடர்ந்து தடவினால் கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வைக்கே ஆபத்து வரலாம்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை, நாடு முழுக்க உள்ளது. தோல் மருத்துவர்களின் தேசிய சங்கமான ஐ.ஏ.டி.வி.எல். இதற்கு எதிராகப் பல வருஷமாகக் குரல் கொடுத்து வருகிறது. அதன் பிறகு மத்திய அரசு 2018-இல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அதே 2018 செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து எல்லாவற்றையும் ஒரே ட்யூபில் கலந்த சில களிம்புகளும் அதில் அடக்கம். சட்டம் வந்துவிட்டது. ஆனால் "அண்ணே, ஒரு ட்யூபு தாங்க" என்று கேட்கும் நம் பழக்கம் இன்னும் மாறவில்லை.

வீட்டில் இருக்கும் ட்யூபை எடுத்து, படிக்கிற பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். கிளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் இந்தப் பிள்ளைக்கென்று எழுதித் தராவிட்டால் அது பிள்ளையின் முகத்துக்கு வேண்டாம்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று பயப்படவும் கூடாது. கரப்பானுக்கு டாக்டர்களே மிதமான ஸ்டீராய்டு எழுதித் தருவார்கள். எந்த வீரியம், எந்த இடம், எத்தனை நாள் என்று கணக்குப் பார்த்துத் தருவார்கள். அதைப் பயந்து பாதியில் நிறுத்தினாலும் பிள்ளைக்குத்தான் கஷ்டம். அதேபோல், ஏற்கெனவே பல மாசமாக ட்யூபு போட்டிருந்தால் தானாகத் திடீரென்று நிறுத்தாமல், ட்யூபோடு போய் டாக்டரைப் பாருங்கள்.

3. எல்லாத் தடிப்பும் ஒன்றல்ல

பார்க்க ஒன்று போல இருந்தாலும் காரணம் வேறு, மருந்தும் வேறு. கீழே உள்ளவை அடையாளம் தெரிந்துகொள்ள மட்டும். முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்.

* கரப்பான்: நாள்பட்ட முகத் தடிப்புக்கு இதுவே முக்கியமான காரணம். கைக்குழந்தையாக இருக்கும்போதே இரண்டு கன்னத்திலும் தொடங்கும். வறண்டு, சிவந்து, கடுமையாக அரிக்கும். வளர வளர முழங்கை மடிப்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் போகும். வீட்டில் யாருக்காவது இழுப்பு, அடிக்கடி தும்மல், கரப்பான் இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு அதிகம். இது ஒட்டாது. வரும், போகும். பல பிள்ளைகளுக்கு வயசு ஏற ஏறக் குறையும்.
* வாய்நீர்ப் புண்: பல் முளைக்கும் காலத்தில் எச்சில் வடிந்து வாயைச் சுற்றியும் தாடையிலும் சிவக்கும்.
* சீழ்ச் சிரங்கு: மூக்கு, வாய் பக்கம் புண்ணாகி, தேன் உறைந்த மாதிரி மஞ்சள் பொருக்குக் கட்டும். மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டும். கிருமி மருந்து வேண்டும்.
* படர்தாமரை: ஓரம் தடித்து, நடுவில் தெளிந்த வட்டம். மெல்லப் பெரிதாகும்.
* சொறி: ராத்திரியில் அரிப்பு அதிகம். விரல் இடுக்கு, மணிக்கட்டு, சின்னப் பிள்ளைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், சில நேரம் முகத்திலும் வரும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றி வரும்.
* வெளிறிய தேமல்: கன்னத்தில் சிவப்பு இல்லாமல் வெளுத்து, லேசாகச் செதில் தெரியும். "வயித்துல பூச்சி" என்றும் "சத்துக் குறைவு" என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் தோல் வறட்சியோடு சேர்ந்து வருவது. எண்ணெய்ப் பசை கொடுத்தால் சில மாசத்தில் மெல்ல நிறம் திரும்பும்.

வெளுத்த தேமலைப் பார்த்ததும் "குட்டமா இருக்குமோ" என்று வீட்டுப் பெரியவர்கள் பயப்படுவது உண்டு. பிள்ளைகளின் கன்னத்தில் வரும் வெளிறிய தேமல் பெரும்பாலும் தொழுநோய் இல்லை. சந்தேகம் இருந்தால் மறைக்காமல் காட்டுங்கள். தொழுநோயாகவே இருந்தாலும் மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், முழுசாகக் குணமாகும். மறைத்தால்தான் கெடுதல்.

4. வீட்டில் நாம் செய்ய வேண்டியது

கரப்பானும் வறட்சியும் உள்ள பிள்ளைக்கு மருந்தைப் போலவே வீட்டுப் பராமரிப்பும் முக்கியம்.

* கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டுக் குளிப்பாட்ட வேண்டாம். இளஞ்சூட்டில் ஐந்து, பத்து நிமிஷம் போதும்.
* வாசனை சோப்பு, கிருமிநாசினித் தண்ணீர் வேண்டாம். பயறுமாவு போட்டு உரசவும் வேண்டாம். முகத்துக்குத் தண்ணீரே போதும்.
* துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிஷத்துக்குள், எண்ணெய்ப் பசை தடவுங்கள். இதுதான் மிக முக்கியம். வாசனை சேர்க்காத வெள்ளை வாசலின் போதும். நம்ம தேங்காயெண்ணெயும் பல பிள்ளைகளுக்கு நல்லது. முதலில் கையில் கொஞ்சம் தடவிப் பார்த்து, ஒத்துக்கொண்டால் முகத்தில் தடவலாம். விலை கூடிய கிரீம் அவசியம் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று தடவை போடுங்கள். நன்றாக ஆன பிறகும் தொடருங்கள்.
* எச்சில் வடியும் பிள்ளைக்குச் சாப்பாட்டுக்கு முன்னும் தூங்கும் முன்னும் வாயைச் சுற்றி வாசலின் தடவினால் எச்சில் தோலில் படாது.
* நகத்தை வாரம் ஒருமுறை வெட்டுங்கள். பருத்தித் துணி போடுங்கள். நம்ம ஊர் வேர்வைக்கு நைலான் உடுப்பு ஆகாது.
* முகத்தில் பவுடர் கொட்ட வேண்டாம். சாம்பிராணிப் புகை இழுப்பு உள்ள பிள்ளைக்கு ஆகாது.
* நீர் வடியும் புண்ணில் பச்சை மஞ்சள், குப்பைமேனி, சுண்ணாம்பு, சாம்பல் எதுவும் அரைத்துப் பூச வேண்டாம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சின மாதிரி எரியும், கிருமியும் சேரும்.

5. மீனையும் முட்டையையும் நிறுத்தணுமா?

"கரப்பான் பண்டம்" என்று சொல்லி மீன், முட்டை, கத்தரிக்காய் எல்லாவற்றையும் பிள்ளைக்கு நிறுத்திவிடும் வீடுகள் நம் மாவட்டத்தில் நிறைய. தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவுக்கும் பத்தியம்! கடற்கரை மாவட்டத்தில் சாளையும் நெத்திலியும்தான் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மலிவான புரதம். அதை ஊகத்தின் பேரில் நிறுத்தினால் கரப்பான் போகாது, பிள்ளையின் எடைதான் போகும்.

ஒரு பண்டம் கொடுத்த சில நிமிஷத்திலோ, இரண்டு மணி நேரத்துக்குள்ளோ உடம்பெல்லாம் தடித்தால், உதடு வீங்கினால், வாந்தி எடுத்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். அந்த ஒரு பண்டத்தை மட்டும் நிறுத்தி டாக்டரிடம் சொல்லுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் ஏத்தங்காய்ப் பொடிக் கஞ்சி, அங்கன்வாடி சத்துமாவு, முட்டை, மீன் எல்லாம் வழக்கம் போலக் கொடுங்கள்.

6. எங்கே போவது?

இரண்டு வாரம் வீட்டுப் பராமரிப்பில் குறையவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள். அடுத்து ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே தீராவிட்டால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. இதற்காக உள்கடன் எடுக்கத் தேவையில்லை. அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

இன்னொரு வசதியும் உண்டு. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியத் திட்டத்தின்படி மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சொறி, பூஞ்சை, கரப்பான் மூன்றும் இருக்கின்றன. எந்த நாளில் வருவார்கள் என்று அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு வையுங்கள்.

டாக்டரிடம் போகும்போது இதுவரை போட்ட எல்லா ட்யூபும், எண்ணெய்ப் பாட்டிலும் கையில் எடுத்துப் போங்கள். "திட்டுவாரு" என்று மறைக்க வேண்டாம். எப்போது தொடங்கியது, ராத்திரி அரிக்குமா, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். டாக்டர் ட்யூபு எழுதித் தந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த இடத்தில் போடணும்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? எத்தனை நாள் கழித்து நிறுத்தணும்?

7. அன்றைக்கே ஓட வேண்டிய அறிகுறிகள்

* தடிப்போடு காய்ச்சல். பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது
* சீழ், வேகமாகப் பரவும் சிவப்பு, கண்ணைச் சுற்றி வீக்கம்
* கரப்பான் உள்ள இடத்தில் திடீரென்று வலியோடு கூட்டமாகக் கொப்புளங்கள்
* சிரங்கு ஆறிய சில வாரத்தில் முகம் வீங்குவது, சிறுநீர் குறைவது அல்லது தேயிலைத் தண்ணீர் நிறத்தில் போவது. இது சிறுநீரகம் பாதிக்கப்பட்டதன் அடையாளமாக இருக்கலாம்.
* பண்டம் சாப்பிட்டதும் உதடு வீங்கி மூச்சு முட்டுவது. உடனே 108-க்கு அழையுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம்ம குழுவில் யார் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் முகத்தில் தடிப்பு இருக்கிறது? இதுவரை என்ன போட்டார்கள்?
2. அடுத்த கூட்டத்துக்கு எல்லாரும் வீட்டில் உள்ள தோல் ட்யூபுகளைக் கொண்டு வாருங்கள். பெயரை வாசித்து, எதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்.
3. பிள்ளைகளுக்கு எந்தப் பண்டத்தை எதற்காக நிறுத்தியிருக்கிறோம்? உண்மையிலேயே ஒத்துக்கொள்ளவில்லையா, யாரோ சொன்னதா?
4. "டாக்டர் சீட்டு இல்லாமல் பிள்ளையின் முகத்துக்கு ட்யூபு வாங்க மாட்டோம், பிறருக்குச் சொல்லவும் மாட்டோம்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடலாமா?

சகோதரிகளே, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்ட மருந்து நம்ம பிள்ளைக்கும் கேட்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இனி யாராவது "எந்த ட்யூபு நல்லது?" என்று உங்களிடம் கேட்டால், ட்யூபின் பெயரைச் சொல்ல வேண்டாம். "வா பிள்ளே, நானும் கூட வாறேன்" என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அதுதான் ஒரு குழு உறுப்பினர் இன்னொரு உறுப்பினருக்குச் செய்யும் உண்மையான உதவி.