ஊர்ப் பக்கத்தில் எது நிற்கும்?

தரங்கம்பாடியைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பெருமைகள் தவறாமல் காதில் விழும். இந்தியாவின் முதல் அச்சகம் இருந்த ஊர். ஓசோன் காற்று வீசும் கடற்கரை. தமிழ் விக்கிப்பீடியாவுக்காக அந்த ஊரைப் பற்றி விரிவான வரைவு ஒன்றை நண்பர்கள் சிலர் சேர்ந்து ‘மணல்தொட்டி’ என்னும் பயிற்சிப் பக்கத்தில் எழுதியபோது, முதல் பத்தியிலேயே இரண்டையும் வைத்தோம். கடைசியில் இரண்டுமே நிற்கவில்லை.

அச்சகக் கதையை ஆண்டுகளே சாய்த்துவிட்டன. போர்த்துக்கீசியர் 1556இலேயே கோவாவில் அச்சு வேலையைத் தொடங்கிவிட்டார்கள். தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூல் 1578இல் கொல்லத்தில் அச்சானது. தரங்கம்பாடியில் அச்சகம் நிறுவிய மறைபரப்பாளர் சீகன்பால்கு அந்தக் கரையில் இறங்கியதோ 1706 ஜூலை 9 அன்று. நூறாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி! ஆனால் அந்த வாக்கியத்தை அழித்ததோடு நின்றிருந்தால் ஊருக்கு அநியாயம் செய்தவர்களாகியிருப்போம். புதிய ஏற்பாடு முழுவதும் ஓர் இந்திய மொழியில் முதன்முதலாக அச்சானது தரங்கம்பாடியில்தான். மொழி தமிழ், ஆண்டு 1715. இதற்குச் சான்று தாராளமாக இருக்கிறது. தவறான பெருமை இருந்த இடத்தில் சரியான பெருமை உட்கார்ந்தது.

ஓசோனுக்கு அந்த வழியும் இல்லை. யார் அளந்தார்கள், எப்போது, எந்தக் கருவியால் என்று தேடினேன். கையில் சிக்கியதெல்லாம் ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதிய வாக்கியங்கள். பத்து இடங்களில் ஒரே வரி வந்தால் அது பத்துச் சான்று ஆகாது, ஒரே சான்றின் பத்து நகல்கள்தான். தரைமட்டத்தில் ஓசோன் கூடினால் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. வரியை எடுத்துவிட்டு, உரையாடல் பக்கத்தில் காரணத்தை எழுதி வைத்தேன். காரணம் சொல்லாமல் அழித்தால் மறுநாளே யாராவது திரும்பச் சேர்த்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

மரபாகச் சொல்லப்படும் எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. அலைகள் பாடும் ஊர் என்று பெயருக்கு விளக்கம் சொல்கிறார்கள். கல்வெட்டோ ஊரைச் ‘சடங்கன்பாடி’ என்று குறிக்கிறது. இரண்டும் கட்டுரையில் இருக்கலாம், எதை யார் சொல்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும். கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது என்பது வரலாறு. எந்தக் கோயிலின் தலபுராணமும் ‘தலபுராணம் கூறுகிறது’ என்ற சொற்களோடு வந்தால் வாசகருக்குக் குழப்பமில்லை.

ஊர்க் கட்டுரையைச் சத்தமில்லாமல் கெடுக்கும் சொல் ‘தற்போது’. ‘தற்போது நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ளது’ என்று ஒருவர் எழுதியபோது அது சரி. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை மாவட்டம் செயல்படத் தொடங்கியதும் அதே வரி பிழையானது. 1991க்கு முன்பு ஊர் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. மூன்றையும் ஆண்டோடு எழுதிவிட்டால் எந்தக் காலத்திலும் பொய்யாகாது. மக்கள்தொகையும் அப்படித்தான்: 2011 கணக்கெடுப்பின் எண் என்றால் 2011 என்று பக்கத்திலேயே இருக்க வேண்டும். பேருந்து நேரம், விடுதி வாடகை, கடைத் தொலைபேசி எண் இவற்றுக்கெல்லாம் கலைக்களஞ்சியத்தில் இடமே இல்லை.

கடினமானது ஆட்களின் பெயர்தான். வேறோர் ஊரின் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது, அவ்வூர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, பள்ளிக்கூடத்துக்குத் தன் நிலத்தையே எழுதிக் கொடுத்தவர் அவர். அவர் பேர் இல்லாம அது என்னப்பா ஊர்ப் பக்கம்?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. “ஐயா, அச்சில் எங்கேயாவது வந்திருக்கிறதா?” என்று கேட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பள்ளியின் பொன்விழா மலரைத் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். பள்ளியைப் பற்றிய வரியில், நிலம் கொடுத்தவர் என்ற ஒரே செய்தியோடு, மலரைச் சான்றாகக் காட்டிப் பெயரைச் சேர்த்தோம். ‘புகழ்பெற்றவர்கள்’ என்று தனிப் பட்டியல் போடவில்லை. அப்படி ஒரு பட்டியலைத் திறந்துவிட்டால் நாளைக்குக் கட்சிக்காரர், சாதிச் சங்கத்தார், கடை முதலாளி எல்லோரும் வரிசையில் நிற்பார்கள்.

எதைச் சேர்ப்பது என்பதைவிட எது விடுபட்டது என்று பார்ப்பதில்தான் எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது. தரங்கம்பாடி வரைவில் டேனியர் (டென்மார்க் நாட்டவர்) பற்றி நீண்ட பத்திகள் இருந்தன. தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்த உடன்படிக்கை, டான்ஸ்போர்க் கோட்டை, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றது எல்லாம் வரிசையாக வந்தன. அந்த ஊரில் இன்று வலை வீசிப் பிழைக்கும் மக்களைப் பற்றி ஒரு வரி இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அவர்கள் குடியிருப்பைத் தாக்கியது. அதற்கும் ஒரே வாக்கியம். டேனியர் இருந்தது 225 ஆண்டுகள், அதற்கு முன்னும் பின்னும் ஊர் இருந்தது. நூல்கள் கோட்டையைப் பற்றி நிறையப் பேசுவதால் கட்டுரையும் கோட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. கணக்கெடுப்புக் கையேடு, மீன்வளத் துறை ஆவணங்கள், ஆழிப்பேரலைக்குப் பிந்தைய மறுகுடியமர்வு அறிக்கைகள் என்று தேடிப் போனபோது தொழில், குடியிருப்பு என்ற இரண்டு பகுதிகள் உருவாயின. வரைவில் எனக்கு மிகவும் பிடித்தவை அவைதான்.

கரையில் ஒரு பெரியவர், பழைய மீனவர் தெரு எதுவரை நீண்டிருந்தது என்று கையால் காட்டினார். அருமையான செய்தி. ஆனால் நானே கேட்டு நானே எழுதினால் அது கலைக்களஞ்சியத்துக்குச் சான்றாகாது. முதலில் ஓர் இதழிலோ நூலிலோ வர வேண்டும். அதனால் அதைத் தனிக் கட்டுரையாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்களும் உங்கள் ஊரைப் பற்றி எழுதத் தொடங்கினால், படங்கள் நீங்களே எடுத்தவையாக இருக்கட்டும்; விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால் எல்லா மொழிக்காரர்களும் பயன்படுத்தலாம். பிறர் எழுதியதை வெட்டி ஒட்ட வேண்டாம்.

இன்று மாலை உங்கள் ஊரின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மாவட்டத்தின் பெயர் சரியா, மக்கள்தொகைக்கு ஆண்டு இருக்கிறதா, அங்கே உழைத்து வாழ்கிறவர்கள் அதில் இருக்கிறார்களா என்று பாருங்கள். வீட்டுப் பரணில் பள்ளி மலரோ கோயில் குடமுழுக்கு மலரோ கிடந்தால் பழைய தாளுக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் இருக்கும் ஒரு வரி வேறெங்கும் அச்சில் இல்லாததாக இருக்கலாம்.