தூங்காத மூளைக்குத் தன் களைப்பு தெரியாது

சிராங்கூன் சாலை,
சிங்கப்பூர்

அன்புள்ள மலர்விழிக்கு,

மருத்துவம் படித்து ஆராய்ச்சியாளராக வேண்டும் என்று எழுதியிருந்தாய். மிக்க மகிழ்ச்சி. அதே கடிதத்தில், தேர்வுக்காக இரவு ஒரு மணி வரை விழித்திருப்பதாகவும், ஐந்து மணி நேரத் தூக்கம் உனக்குப் பழகிவிட்டதாகவும் சொல்லியிருக்கிறாய். இந்த இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்லக்கூடிய ஓர் ஆராய்ச்சி வாழ்க்கை நம் ஊரிலேயே இருக்கிறது.

பேராசிரியர் மைக்கல் சீ ஒரு நரம்பியல் மருத்துவர். அவர் முதலில் ஆராய்ந்தது மொழியை. சீனமும் ஆங்கிலமும் அறிந்த சிங்கப்பூரர்கள் இரு மொழிகளிலும் படிக்கும்போது மூளையின் எந்தெந்தப் பகுதிகள் இயங்குகின்றன என்று எம்ஆர்ஐ கருவியில் பார்த்தார். அந்த ஆய்வுகள் 1999இல் வெளியாயின. அடுத்த சில ஆண்டுகளில் அதே கருவியைக் கொண்டு தூங்காத மூளையை ஆராயத் தொடங்கினார். 24 மணி நேரம் விழித்திருப்பவரின் நினைவாற்றல் என்னவாகிறது என்ற ஆய்வு 2004இல் வந்தது. ஒரு துறையில் கற்ற கருவியையும் பொறுமையையும் இன்னொரு கேள்விக்குக் கொண்டுபோக முடியும் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள். பதினாறு வயதிலேயே வாழ்நாள் முழுமைக்குமான கேள்வியைத் தேடிப் பிடித்துவிட வேண்டும் என்ற பதற்றம் உனக்கு வேண்டாம்.

தூக்கக் குறைவை எப்படி அளக்கிறார்கள் என்று நீ கேட்பாய். மிக எளிய சோதனை ஒன்று உண்டு. திரையில் எண்கள் ஓடத் தொடங்கியதும் பொத்தானை அழுத்த வேண்டும். பத்து நிமிடம், அவ்வளவுதான். அரை நொடிக்கு மேல் தாமதமானால் அதைக் கவனம் அறுந்த தருணமாகக் கணக்கிடுவார்கள். 2008இல் மைக்கல் சீயின் குழு அத்தகைய தருணங்களில் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தது. தூங்காதவருக்குக் கவனம் அறும்போது, காட்சிகளைக் கையாளும் பகுதியின் இயக்கமே வெகுவாகக் குறைந்திருந்தது. கண் திறந்திருந்தாலும் பார்வை உள்ளே போய்ச் சேர்வதில்லை. அதற்கு முந்தைய ஆண்டில், அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வினோத் வெங்கட்ராமன் முதன்மை ஆசிரியராக எழுதிய ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: தூங்காத மூளை லாபத்தைக் கூடுதலாக எதிர்பார்க்கிறது, நஷ்டத்துக்குக் குறைவாகவே அசைகிறது.

இப்போது உன் ‘பழகிவிட்டது’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், சிலரை 14 நாள்கள் தொடர்ந்து இரவுக்கு ஆறு மணி நேரமும் வேறு சிலரை நான்கு மணி நேரமும் மட்டும் படுக்கவிட்டார்கள். அவர்களுடைய கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. ஆறு மணி நேரக்காரர்கள்கூட, முடிவில் ஓரிரு இரவுகள் முழுக்கக் கண்விழித்தவர்களின் நிலைக்கு வந்திருந்தார்கள். ஆனால் ‘தூக்கம் வருகிறதா’ என்று கேட்டபோது, சில நாள்களுக்குப் பிறகு பெரிதாக எதுவும் கூடவில்லை என்றே சொன்னார்கள். திறமை சரிந்துகொண்டிருக்க, சரிகிறது என்ற உணர்வு மட்டும் நின்றுவிட்டது. மலர், களைப்பை எடைபோட வேண்டிய மூளையே களைத்திருக்கிறது. அதன் சாட்சியத்தை எப்படி நம்புவாய்? தூக்க ஆராய்ச்சித் துறைக்கு அளவுகோலும் அறிவியலாளரும் தேவைப்படுவது இதனால்தான்.

அது பெரியவர்களைப் பற்றியது, எனக்கென்ன என்று நீ தப்பித்துவிட முடியாது. ஜூன் லோ, ஜோஷுவா கூலி, மைக்கல் சீ ஆகியோர் அடங்கிய குழு, உன் வயதை ஒட்டிய 15 முதல் 19 வயது மாணவர் 56 பேரை நம் ஊரில் ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டது. ஒரு பிரிவினருக்கு ஏழு இரவுகள் ஐந்து மணி நேரம், மற்றவர்களுக்கு ஒன்பது மணி நேரம். ஐந்து மணி நேரப் பிரிவினரின் கவனமும் நினைவாற்றலும் மனநிலையும் சரிந்தன. பிறகு இரண்டு இரவுகள் ஒன்பது மணி நேரம் படுத்தும் கவனம் முழுமையாக மீளவில்லை. வார இறுதியில் தூங்கிச் சரிசெய்துகொள்கிறேன் என்று நீ சொல்வதற்கு இதுவே விடை.

இதில் மாணவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பதின்ம வயதில் உடலின் கடிகாரம் இயல்பாகவே பின்னுக்குத் தள்ளிப்போகிறது, இரவில் தூக்கம் தாமதமாகத்தான் வரும். மேலும் 1982இல் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியது. அதனால் இங்கே ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் விடிகிறது. பல பள்ளிகளோ ஏழரை மணியளவில் தொடங்குகின்றன. நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016 ஜூலையில் தொடக்க நேரத்தை 7.30இலிருந்து 8.15க்கு மாற்றியது. நேரம் கிடைத்தால் பிள்ளைகள் இன்னும் தாமதமாகத்தானே படுப்பார்கள் என்று யாருக்கும் தோன்றும். ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். ஒரு மாதத்தில், பள்ளி நாள்களில் மாணவிகள் படுக்கையில் கழித்த நேரம் சராசரியாக 23 நிமிடம் கூடியிருந்தது. ஒன்பது மாதம் கழித்தும் பலனில் ஒரு பகுதி நிலைத்திருந்தது. ஆராய்ச்சிக் கூடத்தில் தொடங்கிய கேள்வி ஒரு பள்ளியின் கால அட்டவணையோடு வந்து சேர்ந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இன்னொரு பக்கம் நோய்கள். உறங்கும்போது தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நிலையைக் குறட்டைதானே என்று வீடுகளில் விட்டுவிடுகிறோம். சிங்கப்பூரின் சீன, மலாய், இந்தியப் பெரியவர்களிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு, ஏறக்குறைய 30 விழுக்காட்டினருக்கு இந்தக் கோளாறு மிதமாகவோ கடுமையாகவோ இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதுவரை கண்டறியப்படாதவர்கள். ஒரு குழாய் வழியே காற்றை மெல்லச் செலுத்தி, மூச்சுப்பாதையை மூடவிடாமல் வைக்கும் சிகிச்சையை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இலேயே உலகுக்குச் சொல்லிவிட்டார். மருந்தும் கருவியும் எத்தனை இருந்தாலும், நோய் இருப்பதை முதலில் யாராவது கண்டுபிடித்தாக வேண்டும்.

உனக்கான வேலை இங்கே காத்திருக்கிறது. விடியும் முன் இந்தச் சாலைக்கு வந்து பார். தேக்காச் சந்தையில் கடை விரிப்பவர்கள், இரவுப் பணி முடித்துத் திரும்பும் காவலர்கள், லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் நம் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். சாரத்தில் ஏறுகிறவருக்குக் கவனம் அரை நொடி அறுந்தால் என்னவாகும்? அவர்களுடைய தூக்கத்தை அவர்கள் மொழியிலேயே கேட்டு அளக்கத் தெரிந்த ஆராய்ச்சியாளர்கள் வேண்டும். உன் தமிழ் அங்கே ஓர் அறிவியல் கருவியாகும்.

அதற்குப் பாதை ஒன்று மட்டும் அல்ல. மருத்துவம், உளவியல், பொறியியல், புள்ளியியல் எதைப் படித்தவருக்கும் இத்துறையில் இடமுண்டு. ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களைச் சேர்க்கும் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி, லிட்டில் இந்தியாவிலிருந்து எம்ஆர்டியில் நான்கே நிலையம் தள்ளி அவுட்ரமில் இருக்கிறது.

ஆனால் ஆராய்ச்சியை இன்றே தொடங்கலாம். இரண்டு வாரத்துக்கு, படுத்த நேரம், எழுந்த நேரம், பகலில் கண் சொக்கிய நேரம் மூன்றையும் நாள்தோறும் எழுதி வை. பள்ளி நாளையும் விடுமுறை நாளையும் தனித்தனியே கூட்டிப் பார். விடுமுறையில் நீ கூடுதலாகத் தூங்கும் நேரம் இருக்கிறதே, அதுதான் உன் உடல் கேட்டு நீ கொடுக்காமல் வைத்திருக்கும் பாக்கி. அந்தக் கணக்கைப் பார்த்தபின் படுக்கும் நேரத்தை நீயே முடிவு செய்.

அன்புடன்,
உன் மாமா