பித்தும் நடுக்குவாதமும்

நோயானது உடலைப் பற்றியது, உள்ளத்தைப் பற்றியது என இருவகைப்படும் என்பது உலக வழக்கு. ஒருவன் கை ஓயாது நடுங்குமாயின் அஃது உடல் நோய். அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். ஒருவன் இல்லாத குரலைக் கேட்பானாயின் அஃது உள்ள நோய். அவனை எங்கே அழைத்துச் செல்வது என்று அறியாது வீட்டின் பின்கட்டில் இருத்துவோம். முன்னவனைக் காண வருவோர் பழம் கொணர்வர்; பின்னவனைக் காண எவரும் வாரார். மருத்துவக் கல்வியிலும் இவை இரு வேறு துறைகளாகவே வைத்துக் கற்பிக்கப்படுகின்றன. ஆயின் இப்பிரிவினை மூளை அறியாது. அவ்வுண்மையை மருத்துவ உலகிற்குப் புலப்படுத்தியதில் ஒரு சிறு செடியின் வேருக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வேரின் வரலாற்றை இயன்றவரை எளிதாக எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயிலும் உமக்கு இதில் என்ன உரிமை என வினவுவார் உளராயின், இந்நோய்கள் தமிழ் பயில்வார் வீடுகளை விலக்கி நடப்பன அல்ல என்பதே எம் விடை.

நம் முன்னோர் இவ்வகையில் நம்மினும் தெளிவுடையராய் இருந்தனர் என்றே தோன்றுகிறது. பித்து என்னும் சொல் பித்தம் என்பதனோடு உறவுடையது. நடுக்குவாதம் என்னும் பெயரில் வாதம் நிற்கிறது. காரணம் பிழையாயினும், அறிவின் மயக்கத்தையும் கையின் நடுக்கத்தையும் உடற்கூற்றிலேயே அவர்கள் தேடினர். தமிழ் விவிலியத்தில் வலிப்பு நோயாளனைச் சந்திரரோகி எனக் குறிக்கும் சொல்லோ நோயின் வேரை வானில் தேடிய பழைய கருத்தொன்றின் எச்சம். சொல்லாராய்ச்சி ஈண்டு நிற்க.

நாம் கூறவந்த வேர் சர்ப்பகந்தி. சிவன் அமல்பொடி என்றும் இதனை வழங்குவர். இடுப்பளவுக்கு மேல் வளராத செடி. வெண்மையும் செம்மையும் கலந்த சிறு பூக்கள். மிகக் கசக்கும் வேர். பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் உறக்கமின்மைக்கும் இதனைப் பயன்படுத்தினர். பிகார் நாட்டில் இதற்குப் பைத்தியக்காரர் மருந்து என்றே பெயர். மேனாட்டார் இதற்கு இட்ட ரௌவோல்பியா என்னும் பெயர் 16-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த ரௌவோல்ப் என்னும் மருத்துவரின் நினைவாக அமைந்தது. அவர் இந்தியாவிற்கு வந்தவரும் அல்லர். பெயர் பெறுவார் ஒருவர், வேர் அறிந்தார் வேறொருவர்!

கணநாத சேனர், கார்த்திக் சந்திர போஸ் என்னும் வங்காள மருத்துவர் இருவர், இவ்வேர் பித்தையும் குருதியழுத்தத்தையும் தணிக்கும் என 1931-இல் எழுதி வெளியிட்டனர். அதே ஆண்டில் தில்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் வேதியியலறிஞர் வேரின் சத்துக்கள் சிலவற்றைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றிற்கு ஹக்கீம் அஜ்மல்கான் நினைவாக அஜ்மலின் எனப் பெயரிட்டார். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரித்தானிய இதய மருத்துவ இதழில் எழுதிய பின்னரே மேலை நாட்டார் செவிசாய்த்தனர். 1952-இல் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரில் சீபா நிறுவனத்து அறிஞர்கள் வேரின் உறக்கமூட்டும் சத்தைத் தனியே பிரித்து ரெஸர்பின் எனப் பெயரிட்டனர். 1954-இல் நேதன் கிளைன் என்பார் நியூயார்க் மாநிலத்து மனநோய் மருத்துவமனை ஒன்றில் அதனை நோயாளர்க்கு வழங்கிக் கண்ட பயனை எழுதினார். பாரிஸ் நகரில் 1952-இல் குளோர்ப்ரோமஸின் என்னும் மற்றொரு மருந்தும் மனநோய்க்கு வழங்கப்படத் தொடங்கியிருந்தது. கட்டியும் அடைத்தும் வைக்கப்பட்டிருந்தவர் அமைதியுற்று உரையாடத் தொடங்கினர். இஃது எத்துணைப் பெரிய மாறுதல் என்பதை, அதற்கு முன் அத்தகையோர்க்குத் தண்ணீர்த் தொட்டியும் மின்னதிர்ச்சியும் மூளையறுவையுமே சிகிச்சையாய் இருந்தன என்பதை நினைந்து உணர்க.

ஆயின் ஒரு வியப்பு நிகழ்ந்தது. மனம் தெளிந்தவருட் சிலர்க்குக் கை நடுங்கலாயிற்று, உடல் விறைத்தது, முகம் உணர்ச்சியற்று முகமூடி போலாயிற்று, நடை குறுகித் தளர்ந்தது. ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்னும் லண்டன் மருத்துவர் 1817-இல் ஆறு நோயாளரைக் கண்டு எழுதிய சிறு நூலில் உள்ள நடுக்குவாதத்தையே இவர்பாலும் கண்டனர். பார்க்கின்ஸன் தம் நோயாளருட் சிலரைத் தெருவிற் கண்டே குறித்துக்கொண்டார் என்பது சுவையான செய்தி. அந்நோயில் நடுமூளையின் கருநிறப் பகுதி அழிகிறது என்பதனைத் திரெத்தியாகோவ் என்பார் 1919-இல் காட்டியிருந்தார். எனினும் அப்பகுதி அழிந்தால் கை ஏன் நடுங்க வேண்டும்? உள்ள நோய்க்கு ஈந்த மருந்து உடல் நோய் ஒன்றை ஏன் பிறப்பிக்க வேண்டும்?

இதற்கு விடை காண, நரம்பின் இயல்பு சிறிது அறிதல் வேண்டும். நரம்பணு ஒன்று அடுத்ததனைத் தொட்டுக் கிடப்பதில்லை. இடையே நுண்ணிய வெளி உண்டு. செய்தி அவ்வெளியைக் கடத்தற்குத் தூது வேண்டும். நம் தூதுப் பிரபந்தங்களில் தலைவி அன்னத்தையும் கிளியையும் முகிலையும் விடுத்தாற் போல, நரம்பணு தன் முனையில் உள்ள சிறு பைகளிலிருந்து வேதிப்பொருள் ஒன்றை விடுக்கிறது. அதனைத் தூதுப்பொருள் என்போம். தலைவி ஒருத்திக்கே பத்துத் தூது உண்டெனின், மூளைக்குப் பல தூதுப்பொருள்கள் இருத்தலில் வியப்பில்லை. ரெஸர்பின் செய்வது யாதெனில், அப்பைகள் நிரம்பவொட்டாது தடுப்பது. பைக்கு வெளியே கிடக்கும் தூதுப்பொருளை நொதிகள் சிதைத்துவிடும். தலைவி இருக்கிறாள், தலைவனும் இருக்கிறான். தூது மட்டும் இல்லை.

ஸ்வீடன் நாட்டு ஆர்விட் கார்ல்ஸன் 1957-இல் முயல்களுக்கு ரெஸர்பினைச் செலுத்தினார். அவை காது தொங்க, அசைவற்றுக் கிடந்தன. பின்னர் டோபா என்னும் பொருளைச் செலுத்தினார். சிறிது பொழுதில் முயல்கள் எழுந்து துள்ளின! டோபா மூளையினுட் புகுந்து டோபமின் என்னும் பொருளாக மாறுகிறது. டோபமின் வேறொன்று ஆவதற்கு இடைப்பட்ட நிலையே எனக் கருதப்பட்டது. அதுவே ஒரு தூது என்பதனைக் கார்ல்ஸன் நாட்டினார். 1960-இல் லண்டனில் கூடிய அறிஞர் அவையில் முதியோர் பலர் இதனை நம்ப மறுத்தனர். அவர்க்கு நோபல் பரிசு கிடைக்க 2000 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவை ஐயுற்ற அதே ஆண்டில் வியன்னாவில் ஹோர்னிகீவிச் என்னும் இளைஞர் நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளையைப் பெற்று ஆராய்ந்தார். டோபமின் இருப்பின் அயோடின் கலந்த சோதனைநீர் இளஞ்சிவப்பாகும். நோயற்றோர் மூளையில் நிறம் தோன்றிற்று. நோயாளர் மூளையில் ஏறத்தாழத் தோன்றவே இல்லை. கருவியின் உதவியின்றித் தம் கண்ணாலேயே அவர் குறையைக் கண்டார். ரெஸர்பின் மருந்தால் நிகழ்ந்ததும், கருநிறப் பகுதி அழிவதால் நிகழ்வதும் ஒன்றே: டோபமின் என்னும் தூது அற்றுப்போதல். 1961-இல் பிர்க்மாயர் என்னும் மருத்துவரும் அவரும் நோயாளர்க்கு டோபாவை ஊசிவழிச் செலுத்தினர். படுக்கையில் எழுந்து உட்காரவும் மாட்டாதவர் எழுந்து நின்றனர், நிற்கமாட்டாதவர் நடந்தனர். ஆயின் அப்பயன் நிலைத்து நிற்கவில்லை. கார்ல்ஸனுக்குப் பரிசு வழங்கியோர் ஹோர்னிகீவிச்சை விடுத்தது முறையன்று என அறிஞர் பலர் எழுதினர்; எமக்கும் அது குறையாகவே படுகிறது.

டோபமின் குறைவெனின் டோபமினையே தரலாகாதோ? தரலாகாது. மூளையைச் சூழ்ந்த குருதிக்குழாய்கள் மதில் போன்று காவல் செய்கின்றன. டோபமினுக்கு அம்மதிலில் வாயில் இல்லை, டோபாவுக்கு உண்டு. உள்ளே சென்று உருமாறுகிறது. இந்த டோபா பூனைக்காலி விதையில் இருப்பதனை 1937-இலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் பிரித்தெடுத்துக் காட்டியுள்ளனர். அன்று அதன் பயனை எவரும் அறியார். பூனைக்காலி நம் வேலியோரங்களிற் படர்ந்து, தொட்டார்க்கு அரிப்பூட்டும் கொடி! எனினும் விதைக்கு விதை சத்தின் அளவு வேறுபடுதலின், அதனை அரைத்துண்டு மருத்துவரைத் தவிர்க்கலாம் என எண்ணுவது தகாது. அளவே இங்கு எல்லாம். ஜார்ஜ் கோட்சியாஸ் 1967-இல் மிகச் சிறிதாய்த் தொடங்கிச் சிறுகச் சிறுக உயர்த்தி வாய்வழி ஈந்த பின்னரே டோபா நாள்தோறும் உண்ணத்தக்க மருந்தாயிற்று.

இனி மறுபக்கம். டோபா மிகின் சிலர்க்கு இல்லாத உருவம் தோன்றும். இல்லாத பகை புலனாகும். அஃதாவது உடல் நோயின் மருந்து உள்ள நோயின் குறியைத் தருகிறது. மனநோய்க்கு இன்று வழங்கும் மருந்துகளுட் பல, தூதினைக் கெடுக்காமல், தூது சென்று சேரும் வாயிலை அடைப்பன. குளோர்ப்ரோமஸின் அவ்வகையினது. மூளையின் ஒருபுறத்து வாயில் அடைபட்டால் குரல்கள் ஓய்கின்றன. பிறிதொருபுறத்து வாயில் அடைபட்டால் கை நடுங்குகிறது. மருந்துக்கோ இவ்விருபுறமும் ஒன்றே.

இதனை அறியாமையால் விளையும் துன்பம் பெரிது. மருந்துண்ணும் மகன் முகம் வாடி, மெல்ல நடந்து, கை நடுங்கக் காணின், பித்து முற்றிவிட்டது எனத் தாய் அஞ்சுகிறாள். சோம்பல் எனத் தந்தை கடிகிறார். விறைப்பைப் பொறாத மகன் ஒருவர்க்கும் உரையாமல் மாத்திரையைச் சாளரத்தின் வழி எறிகிறான். சில வாரங்களில் குரல்கள் மீள்கின்றன. மருத்துவரிடம் உரைத்திருப்பின் அவர் அளவைக் குறைத்திருப்பார், அன்றி மருந்தை மாற்றியிருப்பார். சிலர்க்கு நெடுங்காலத்தின் பின் நாவும் உதடும் தாமே அசையும் குற்றமும் உண்டாகும். அது மருந்தை விட்ட பின்னும் நீங்காதிருத்தல் கூடும். ஆகலின் மருந்தைப் புகழ்வாரும் இகழ்வாரும் பாதியே கூறுகின்றனர்.

ரெஸர்பினை மனநோய்க்கு வழங்குவார் இன்று அரியர். குருதியழுத்தத்திற்கு அதனை உண்டோர் சிலர் ஆழ்ந்த துயரில் வீழ்ந்தனர் என 1950-களில் எழுந்த குறிப்புகள், மனச்சோர்வும் தூதுப்பொருட் குறைவே என்னும் கொள்கைக்கு இடந்தந்தன. அக்குறிப்புகள் எவ்வளவு மெய் என்று பின்வந்தோர் ஐயுறுகின்றனர்; ஒரு குறைவால் துயர் முழுதும் விளங்கிவிடும் என்பதை யாமும் எளிதில் ஒப்போம்.

நடுக்குவாதமும் மாயக்காட்சியும் ஒருவரிடமே கூடுமாயின் மருத்துவர் என் செய்வார்? டோபாவைக் குறைத்தால் உடல் விறைக்கும். வாயிலை அடைத்தாலும் உடல் விறைக்கும். இந்நெருக்கடியில் உதவுவது குளோஸபின். மிகச் சிறு அளவில், நடுக்கத்தைப் பெருக்காமலே அது காட்சிகளை ஓட்டுகிறது. ஆயின் சிலர்க்குக் குருதியின் வெள்ளணுக்களை அது அழித்துவிடும்; 1975-இல் பின்லாந்தில் அவ்வாறு உயிரிழந்தோர் உண்டு. அதனால் அதனை உண்பார் முதற்சில மாதங்களில் வாரந்தோறும் கையை நீட்டிக் குருதி தருகின்றனர். அணுக்களை எண்ணிய பின்னரே அடுத்த வாரத்து மாத்திரை அவர்க்கு அளிக்கப்படும்.